ஆய்வுச் செலவை யார் ஏற்பது: கருவூலமா, கட்டணமா, மீனா?

2003ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தெற்குப் பகுதியில் பனி நண்டு பிடிக்கும் படகுக்காரர்களுக்கும் மத்திய மீன்வளத் துறைக்கும் இடையே தகராறு முற்றியது. நண்டு ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை மற்ற மீனவர்களுக்கு நிரந்தரமாகப் பிரித்துத் தருவதென்று அமைச்சர் முடிவெடுத்திருந்தார். மே மாதத் தொடக்கத்தில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் ஷிப்பகன் துறைமுகத்தில் படகுகள் எரிந்தன. நண்டு இருப்பைக் கணக்கெடுக்கும் ஆய்வுக்கு அதுவரை தங்கள் சங்கங்களின் வழியாகப் பணம் கொடுத்துவந்த நண்டுக்காரர்கள் அந்த ஆண்டு கொடுக்க மறுத்துவிட்டனர். கணக்கெடுப்பை நிறுத்தினால் அடுத்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை. நடத்தலாம் என்றால் துறையிடம் அதற்கென்று பணம் இல்லை. துறை கண்டுபிடித்த வழி எளிமையானது: 50 டன் நண்டைத் தனியே ஒதுக்கி, அதைப் பிடித்து விற்ற பணத்தில் கணக்கெடுப்பை நடத்துவது.

மீன்வள நிர்வாகம் படிப்பவர்களும், மீனவர் சங்கங்களுக்கு ஆலோசனை சொல்பவர்களும், பொதுநிதியைக் கவனித்து எழுதுபவர்களும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். கடலில் என்ன இருக்கிறது என்று அறிவதற்கும், பிடிப்பைக் கண்காணிப்பதற்கும் ஆகும் செலவை அரசின் கருவூலம் ஏற்பதா, மீனவர்களிடம் சட்டப்படி கட்டணமாக வசூலிப்பதா, அவர்களாக விரும்பித் தருவதை நம்பியிருப்பதா, அல்லது மீனையே பணமாகக் கருதி ஒதுக்கிவிடுவதா? நான்கும் எங்கோ ஓரிடத்தில் நடைமுறையில் இருந்தவை அல்லது இருப்பவை. கனடாவையே மையமாக வைத்துக்கொண்டு, மற்ற நாடுகளைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் அழைத்து, இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

## முதலில் அளவுகோல்கள்

நான்கையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். அவற்றுள் முதல் மூன்றுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

அதிகாரம். கொடுக்கப்படும் பொருள் யாருடையது, அதைக் கொடுக்க யார் அனுமதித்தார்? பணமாக இருந்தால் நாடாளுமன்றம் வாக்களித்திருக்க வேண்டும். மீனாக இருந்தால் அதே கேள்வி எழாது என்று நினைப்பது தவறு.

தொடர்ச்சி. மீன்வள ஆய்வில் ஓராண்டுக் கணக்கின் மதிப்பு சொற்பம். இருபது, முப்பது ஆண்டுக் கணக்கின் வரிசைக்குத்தான் மதிப்பு. தெற்கு வளைகுடாவின் நண்டுக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடி பருவம் முடிந்த பிறகு ஒரு படகு குறிக்கப்பட்ட இடங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, குறிப்பிட்ட நேரம் மட்டும் இழுவலையை இழுக்கிறது. மேலே வந்த ஒவ்வொரு நண்டையும் கையில் எடுத்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, ஓட்டின் அகலத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஓடு புதிதா, பழையதா, பாசி பிடித்ததா என்று குறிக்கிறார்கள். ஆணாக இருந்தால் கொடுக்கின் உயரத்தையும் அளக்கிறார்கள், ஏனென்றால் பெரிய கொடுக்கு வந்துவிட்ட ஆண் அதன்பின் ஓடு மாற்றுவதில்லை, வளர்வதுமில்லை. 95 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆண் நண்டைத்தான் பிடித்து விற்கலாம். எனவே இவ்வாண்டு அளந்த சிறு நண்டுகளில் எத்தனை இன்னும் சில ஆண்டுகளில் வலைக்கூண்டுக்கு வரும் என்பதை முந்தைய ஆண்டுகளின் வரிசையோடு ஒட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நடுவே ஓராண்டு விட்டுப்போனால் வரிசையில் பல் விழுந்தது போலத்தான்.

சார்பின்மை. முடிவு எப்படி வந்தால் யாருக்கு ஆதாயம் என்பது ஆய்வாளரின் கையைத் தொடுகிறதா?

பாரம். பயன்பெறுபவரும் செலவை ஏற்பவரும் ஒருவரேதானா?

மறைச்செலவு. ஆய்வுக்கு ஒரு டாலர் போய்ச் சேர, சமூகத்தின் கையிலிருந்து உண்மையில் எத்தனை டாலர் போகிறது? கணக்கில் அது தெரிகிறதா?

## வழி 1: கருவூலம்

அதிகாரத்தைப் பொறுத்தவரை இதில் சிக்கலே இல்லை. நாடாளுமன்றம் வரி விதிக்கிறது, நிதி ஒதுக்குகிறது, தணிக்கை செய்கிறது. சார்பின்மையிலும் இதுவே முன்னே நிற்கிறது. அதன் அருமை என்ன என்பதை நியூஃபவுண்ட்லாந்துக் காட் மீனின் கதை காட்டும். 1980களில் அங்கே இருப்பை மதிப்பிட்டபோது வணிகப் படகுகளின் பிடிப்பு விகிதத்துக்கு அதிக இடம் தரப்பட்டது. படகுகளின் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டன. மீனோ குறையக் குறைய மிஞ்சிய இடங்களில் திரண்டு நின்றது. ஆகவே இருப்பு சரிந்துகொண்டிருந்தபோதும் படகுக்குக் கிடைத்த அளவு பெரிதாகக் குறையவில்லை. ஆய்வுக் கப்பல்களின் கணக்கெடுப்பு வேறு கதை சொன்னது. 1992 ஜூலையில் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டபோது சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். மீன் எங்கே இருக்கிறதோ அங்கே போகும் படகு ஒன்று. மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடத்துக்கே போகும் கப்பல் மற்றொன்று. இரண்டாவதை யாரும் லாபத்துக்காக ஓட்ட மாட்டார்கள். அதற்குப் பொதுப்பணம்தான் வேண்டும்.

ஆனால் தொடர்ச்சி என்ற அளவுகோலில், எதிர்பார்ப்புக்கு மாறாக, கருவூலம் தடுமாறுகிறது. 1990களின் நடுவில் கனடா அரசு செலவுகளை வெட்டியபோது மீன்வளத் துறையும் தப்பவில்லை. மீனவர்களோடு கூட்டு நிர்வாக ஒப்பந்தங்கள், ஆய்வுக்கு அவர்களிடமே பணம், பிறகு மீன் என்ற பாதை அங்கிருந்துதான் தொடங்கியது. பணம் இருக்கும் ஆண்டிலும் கப்பல் இருக்க வேண்டும். நண்டுத் தகராறு நடந்த அதே 2003இல், அதே தெற்கு வளைகுடாவில், அரசின் ஆய்வுக் கப்பலான ஆல்ஃபிரட் நீட்லரில் தீப்பிடித்தது. அடிமட்ட மீன்களின் (கடலடியில் வாழும் மீன்களின்) செப்டம்பர் கணக்கெடுப்பை வில்ஃபிரட் டெம்பிள்மன் என்ற வேறு கப்பலைக் கொண்டு நடத்த வேண்டியதாயிற்று. இரண்டு கப்பல்களையும் அருகருகே ஓட்டி, ஒன்றின் பிடிப்பை மற்றொன்றின் அளவில் சொல்ல ஒரு விகிதம் கண்டிருக்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாததால் அவ்வாண்டுக் கணக்கை முந்தைய வரிசையோடு ஒட்டுவதில் இன்றும் தயக்கம் இருக்கிறது.

பாரம் பற்றிய முறையீடும் நியாயமானதே. கடலையே பார்த்திராத சஸ்காட்சுவான் கோதுமை விவசாயியின் வரிப்பணத்தில், உரிமம் கைமாறும்போது பெரும் விலைக்குப் போகும் நண்டுப் படகுக்காரருக்கு ஏன் கணக்கெடுப்பு நடத்தித் தர வேண்டும்? இதற்கு முழுப் பதில் இல்லை. கடல்வளம் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியதாகையால் அதைக் காப்பதும் அவர்கள் செலவே என்பது பாதிப் பதில்.

## வழி 2: சட்டப்படியான கட்டணம்

நியூசிலாந்து 1986இல் ஒதுக்கீட்டு உரிமை முறையை, அதாவது மொத்தப் பிடிப்பில் இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று உரிமை தரும் முறையை, கொண்டுவந்தது. முதலில் உரிமை வைத்திருப்போரிடம், பொதுவளத்தைப் பயன்படுத்துவதற்காக, வள வாடகை வசூலித்தது. 1994இல் அதைக் கைவிட்டு, ஆய்வுக்கும் அமலாக்கத்துக்கும் ஆகும் செலவை அவரவர் வைத்திருக்கும் ஒதுக்கீட்டுக்கு ஏற்பத் திரும்ப வசூலிக்கும் முறைக்கு மாறியது. ஆஸ்திரேலியாவின் மத்திய மீன்பிடிப்புகளிலும் இதே கொள்கைதான்.

அதிகாரம் தெளிவானது, ஏனென்றால் சட்டம் இருக்கிறது. பாரம் சரியான தோளில் விழுகிறது. மறைச்செலவு மிகக் குறைவு: எவ்வளவு கேட்கப்பட்டது, எதற்குச் செலவானது என்பது டாலரில் எழுதப்பட்டிருக்கும். இதைவிட முக்கியமானது, பலரும் கவனிக்காதது: விலை ஏறி இறங்கும் அபாயம் மீனவரிடமே தங்கிவிடுகிறது, ஆய்வை வந்து தொடுவதில்லை. நண்டு மலிவாய்ப் போனாலும் கட்டணம் கட்டணமே.

குறை எங்கே என்றால், பணம் கொடுப்பவர் கேள்வி கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி பெரும்பாலும் ‘இந்த ஆய்வு இன்னும் சிறப்பாக நடக்கலாகாதா’ என்று வருவதில்லை. ‘இதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தினால் போதாதா’ என்றே வருகிறது. சிறிய இருப்புகள் இதில் முதலில் அடிபடும். நியூசிலாந்தின் ஒதுக்கீட்டு முறைக்குள் 98 இனங்கள், 642 இருப்புகளாக (தனித்தனியே நிர்வகிக்கப்படும் மீன்கூட்டங்களாக) பிரிக்கப்பட்டு இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் மொத்த விற்பனை மதிப்பே ஒரு நல்ல கணக்கெடுப்பின் செலவுக்குக் காணாது. அவற்றுக்கு முறையான இருப்பு மதிப்பீடும் இல்லை. தன் செலவைத் தானே தாங்க முடியாத மீனைப் பற்றி நாம் அறியாமலேயே இருந்துவிடுவதா என்ற கேள்விக்குக் கட்டண முறையிடம் பதில் கிடையாது.

## வழி 3: விரும்பித் தரும் பங்களிப்பு

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சங்கமும் துறையும் நல்லுறவில் இருக்கும்வரை இது மலிவான, விரைவான வழி. உறவு கெட்ட ஆண்டில் இல்லாத வழி. 2003இல் நடந்தது அதுதான். உறவு கெடாவிட்டாலும் இன்னொரு கரையான் இருக்கிறது: பணம் கொடுக்காதவரும் அதே கணக்கெடுப்பின் பலனை அனுபவிப்பார். பத்துப் பேரில் மூவர் கொடுக்காமல் இருந்தால் மற்ற எழுவரும் அடுத்த ஆண்டு யோசிப்பார்கள்.

## வழி 4: மீன் ஒதுக்கீடு

இனி விவகாரத்தின் மையத்துக்கு வரலாம். பிடிப்பில் பங்கு வைப்பது நம் கரைகளுக்குப் புதிதல்ல; படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மணலில் கூறு வைத்துப் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு, ‘கணக்கெடுப்புக்கும் ஒரு பங்கு’ என்பது இயல்பாகவே படும். அந்த இயல்புதான் இதன் கவர்ச்சி. ஏமாற்றும் இடமும் அதுதான். கூறு வைக்கும்போது பங்காளிகள் அனைவரும் அங்கே நிற்கிறார்கள். அமைச்சர் ஒதுக்கும்போது அப்படியில்லை.

அதிகாரம். அந்த 50 டன் நண்டு நீதிமன்றத்துக்குப் போனது. லரோக் வழக்கு என்று அறியப்படும் அதில், 2006 ஜூனில் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மீன்வளத் துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கடல்வளம் கனடா மக்கள் அனைவரின் பொதுச்சொத்து. அமைச்சர் அதன் நிர்வாகியே தவிர உரிமையாளர் அல்லர். துறை செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்கான கூலியைத் தன்னுடையதல்லாத நண்டைக் கொண்டு செலுத்த மீன்வளச் சட்டம் அவருக்கு அதிகாரம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். நண்டோடு நிற்காமல், நாடு முழுவதும் இதே முறையில் செலவு ஓடிக்கொண்டிருந்த பல ஆய்வுகளின் அடித்தளமும் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. அரசு சில காலம் தற்காலிக நிதியால் ஓட்டையை அடைத்துப் பார்த்தது. பிறகு 2012இல், வரவு செலவுத் திட்டத்தை ஒட்டிய பெரிய சட்டமூலத்தின் உள்ளே, மீன்வளச் சட்டத்தின் 10ஆம் பிரிவைத் திருத்தியது. கூட்டுத் திட்ட ஒப்பந்தம் ஒன்றில் விவரிக்கப்பட்ட ஆய்வு, நிர்வாகப் பணிகளுக்கு நிதி திரட்டுவதற்காக, ஒரு அளவு மீனையோ மீன்பிடிக் கருவிகளையோ அமைச்சர் ஒதுக்கலாம் என்று அது சொல்கிறது.

ஆக, கனடாவில் இன்று அதிகாரக் கேள்வி தீர்ந்துவிட்டது. ஆனால் தீர்ப்பு சுட்டிய உறுத்தல் தீர்ந்துவிட்டதா என்பது வேறு. ஒதுக்கீடு மொத்த அனுமதி அளவுக்கு (அந்த ஆண்டு எல்லோரும் சேர்ந்து பிடிக்கக்கூடிய அளவுக்கு) உள்ளிருந்து எடுக்கப்பட்டால், ஒவ்வொரு உரிமதாரரின் பங்கும் அதே விகிதத்தில் குறைகிறது. அதாவது அது வரிதான். பணத்துக்குப் பதில் பொருளாக வாங்கப்படும் வரி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு வராத வரி. அனுமதி அளவுக்கு வெளியிலிருந்து எடுக்கப்பட்டாலோ, வரி செலுத்துவது மீன்.

மறைச்செலவு. இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நியூஃபவுண்ட்லாந்தில் பனி நண்டுக்குப் பருவத் தொடக்கத்தில் நிர்ணயிக்கப்பட்ட விலை 2022இல் பவுண்டுக்கு 7.60 டாலர்; 2023இல் 2.20 டாலர். இரண்டாவது விலையைக் கேட்டு மீனவர்கள் சில வாரங்கள் படகை அவிழ்க்கவே இல்லை. இப்போது பத்து லட்சம் டாலர் செலவாகும் ஒரு கணக்கெடுப்பு இருப்பதாகவும், ஒரு பவுண்டு நண்டைப் பிடித்துக் கரை சேர்க்க 1.20 டாலர் ஆவதாகவும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 2022 விலையில் பவுண்டுக்கு 6.40 டாலர் மிஞ்சும். சுமார் 71 டன் நண்டு போதும். 2023 விலையில் மிஞ்சுவது ஒரே டாலர். சுமார் 454 டன் வேண்டும். விலை மூன்றரை மடங்கு குறைந்தால் ஒதுக்கீடு ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது. முதல் கணக்கில் மீனவர்கள் இழந்த மொத்த விற்பனை மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவானது பிடிக்கும் செலவில் கரைகிறது. இரண்டாவதில் பாதிக்கும் மேல் கரைகிறது. கட்டண முறையில் இந்தக் கரைசல் எங்கும் கிடையாது.

இன்னொரு செலவு ஏட்டிலேயே ஏறாது. அந்த 71 டன்னைப் பிடிக்கும் வாய்ப்பு யாருக்குப் போகிறது? ஏலம் விட்டால் விலை தெரியும். ‘ஒத்துழைக்கும் சங்கத்துக்கு’ என்று கொடுத்தால், ஆய்வுக்குப் போன பணம் போக மிச்சம் எவ்வளவு, அது யாரிடம் தங்கியது என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்வியைக் கேட்பவரை யாரும் விரும்புவதில்லை.

தொடர்ச்சி. சாதாரண ஆண்டுகளில், கருவூலத்தைவிட இது உறுதியானது. அரசு மாறினாலும் மீன் இருக்கிறது. ஆனால் இது முறிகிற நேரம் மிக மோசமான நேரம். தெற்கு வளைகுடாவில் பனி நண்டின் அனுமதி அளவு 2010இல் 63 சதவீதம் வெட்டப்பட்டு 7,700 டன்னாகக் குறைந்தது. அத்தகைய ஆண்டில்தான் கணக்கெடுப்பு அதிகம் தேவை. அத்தகைய ஆண்டில்தான் ஒதுக்கீட்டுக்கு எடுக்க நண்டு குறைவு.

சார்பின்மை. இருப்பு பெரிதென்று சொன்னால் ஒதுக்கீடும் பெரிதாகும். ஆய்வாளரின் அடுத்த ஆண்டுச் சம்பளம் அவர் இந்த ஆண்டு சொல்லும் எண்ணில் தொங்குகிறது. ஆய்வாளர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை இந்த நிலையில் நிறுத்துவதே தவறு என்கிறேன். இதன் எல்லைக்கோட்டு உதாரணம் ஜப்பானின் ‘ஆய்வுத்’ திமிங்கில வேட்டை. பிடித்த திமிங்கிலத்தின் இறைச்சியை விற்று ஆய்வுக்கு நிதி திரட்டினார்கள். 2014 மார்ச் 31 அன்று சர்வதேச நீதிமன்றம் அண்டார்க்டிக் திட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, இறைச்சியை விற்பதாலேயே அது ஆய்வு இல்லை என்று ஆகிவிடாது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் நிதி திரட்டும் பொருட்டு, ஆய்வுக்கு நியாயமாகத் தேவைப்படுவதைவிட அதிகமாகக் கொல்லக் கூடாது என்றது. மீன் ஒதுக்கீட்டுக்கும் இதைவிடத் துல்லியமான விதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இது நன்றாக நடந்த இடம். குறைகளை மட்டும் அடுக்கினால் ஒப்பீடு நியாயமாகாது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், அட்லாண்டிக் ஸ்கேலப் எனப்படும் விசிறிச் சிப்பியில் ஆண்டுதோறும் சுமார் 12.5 லட்சம் பவுண்டு இறைச்சி ஆய்வுக்கென ஒதுக்கி வைக்கப்படுகிறது. பவுண்டுக்குப் பத்து டாலர் என்று வைத்தாலும் 1.25 கோடி டாலர் மதிப்பு. மத்திய அரசு இதில் பணமாக எதையும் தருவதில்லை. எந்த ஆய்வுகள் தேவை என்று முன்னுரிமைப் பட்டியல் முதலில் வெளியிடப்படுகிறது; ஆய்வாளர்கள் போட்டியிட்டு விண்ணப்பிக்கிறார்கள்; தேர்வானவர்களுக்குப் பவுண்டுக் கணக்கில் சிப்பி கிடைக்கிறது; படகுக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து பிடித்து விற்று, படகின் பங்கு போக மிச்சத்தில் ஆய்வை நடத்துகிறார்கள். இந்த நிதியில் நடப்பவற்றுள் மாசசூசெட்ஸ் டார்ட்மத் பல்கலைக்கழகத்தின் கேமராக் கணக்கெடுப்பு ஒன்று. எஃகுச் சட்டத்தால் ஆன கூம்பு ஒன்றை, அடியில் கேமராவும் விளக்கும் பொருத்தி, வணிகப் படகிலிருந்து கடலடிக்கு இறக்குகிறார்கள். சட்டம் தரையில் உட்கார்ந்ததும் அதன் கீழுள்ள சில சதுர மீட்டர் மணல் திரையில் தெரிகிறது. ஒவ்வொரு சிப்பியையும் எண்ணி அளக்கிறார்கள். சட்டத்தைத் தூக்கி, படகு சற்று நகர்ந்ததும் மறுபடி இறக்குகிறார்கள். ஒரு சிப்பிகூடச் சாகாமல் எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது.

இது வெற்றி பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. சிப்பி விலையுயர்ந்தது, எனவே சிறு ஒதுக்கீட்டிலேயே பெரும்பணம் வருகிறது. ஒதுக்கீடு ஒரே அளவாய் நிலைத்திருக்கிறது. இதற்கு அருகிலேயே அரசின் சொந்தக் கணக்கெடுப்பும் நடக்கிறது, ஆகவே ஒன்றை மற்றொன்று சரிபார்க்கிறது. பணம் பெறும் ஆய்வாளரும் அனுமதி அளவைத் தீர்மானிப்பவரும் வேறு வேறு.

அதே கரையில் சற்றுத் தெற்கே, மத்திய அட்லாண்டிக் மேலாண்மைக் குழு, அனுமதி அளவில் 3 சதவீதம் வரை ஆய்வுக்கு ஒதுக்கும் முறையை நடத்தியது. ஒதுக்கீடு ஏலம் போனது. வாங்கிய படகுகள், ஒரு பயணத்துக்கு இவ்வளவுதான் என்ற வழக்கமான வரம்பைத் தாண்டிப் பிடிக்கலாம். வரம்பைத் தாண்டிய மீன் படகில் இருந்தாலே தவறு என்ற நிலை போய், ‘இது ஆய்வு மீன்’ என்று சொல்ல வழி பிறந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கணக்கில் காட்டாத மீனும் பொய்ப் பதிவுகளும் குற்ற வழக்குகளாயின. 2014இல் குழு திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஆய்வு ஒதுக்கீட்டில் காவல் செலவும் அடங்கும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐஸ்லாந்தின் ஏற்பாடு வேறு மாதிரி; எனக்குப் பிடித்தமானதும்கூட. அடிமட்ட மீன் பிடிக்கும் படகு, தன் பிடிப்பில் 5 சதவீதம் வரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேராமல் கரைக்குக் கொண்டுவரலாம். அது ஏலச் சந்தையில் விற்கப்பட்டு, 20 சதவீதம் படகுக்கும் 80 சதவீதம் கடல் ஆய்வுக்கான நிதிக்கும் போகிறது. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதே என்று மீனைக் கடலில் எறியாமல் இருக்க அந்த 20 போதும். அதற்கென்றே வலை வீச அது போதாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கருவூலம் | சட்டக் கட்டணம் | விரும்பித் தருவது | மீன் ஒதுக்கீடு |
|---|---|---|---|---|
| அதிகாரம் | தெளிவு | தெளிவு | கேள்வி எழாது | சட்டம் இருந்தால் மட்டும் |
| தொடர்ச்சி | வரவு செலவுத் திட்டத்தையும் கப்பலையும் பொறுத்தது | நன்று | பலவீனம் | நல்ல விலையில் நன்று. சரிவில் முறியும் |
| சார்பின்மை | வலிமை | நடுத்தரம் | பலவீனம் | ஒதுக்குபவரும் ஆய்பவரும் வேறானால் நடுத்தரம் |
| பாரம் | வரி செலுத்துவோர் அனைவரும் | உரிமதாரர் | மனமுள்ளவர் மட்டும் | உரிமதாரர், பங்கு விகிதத்தில் |
| மறைச்செலவு | குறைவு | மிகக் குறைவு | இலவசமாய் அனுபவிப்போர் | பிடிக்கும் செலவு, கண்காணிப்பு, இடைத்தரகு |

## எந்தச் சூழலில் எது

ஆண்டுதோறும் நடக்க வேண்டிய அடிப்படைக் கணக்கெடுப்புக்குக் கருவூலமே முதல் தேர்வு. நிறுத்தினால் பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் போன ஆண்டைத் திரும்ப அளக்க முடியாது. கருவூலம் கைவிரித்துவிட்டால் அடுத்து நாட வேண்டியது கட்டணம்; மீன் ஒதுக்கீடு அல்ல. உரிமதாரர்கள் சிலரே இருந்து, மதிப்பும் அதிகமாக இருந்தால் கட்டணத்தை வசூலிப்பது கடினமும் இல்லை. கட்டணச் சட்டம் கொண்டுவரத் துணிவில்லாத அரசுதான் பெரும்பாலும் மீனை நீட்டுகிறது என்பது என் கணிப்பு.

மீன் ஒதுக்கீடு சிறந்து நிற்பது கூடுதல் ஆய்வுகளில்: வலைக் கண்ணியை மாற்றிப் பார்ப்பது, வேண்டாத மீன் விழுவதைக் குறைப்பது, புதிய இடத்தில் இருப்பு உண்டா என்று தேடுவது போன்றவை. ஓராண்டு தள்ளிப்போனாலும் அவற்றில் பெருநட்டமில்லை. படகுக்காரரின் அனுபவமும் அங்கே தேவைப்படுகிறது; கேமராச் சட்டத்தை எந்த நீரோட்டத்தில் இறக்கலாம் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் கரைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். மீனை ஒதுக்க வேண்டுமானால் முதலில் மொத்த அனுமதி அளவு என்ற ஒன்று இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடலில் பிடிப்பைக் கட்டுப்படுத்துவது கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலமும், வலை, படகு விதிகளும்தான். இனவாரியான ஒதுக்கீடு இல்லை. 1947இல் தொடங்கி இப்போது கொச்சியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பொதுப்பணத்தில்தான் நடக்கிறது. ஆகையால் நான்காம் வழி இங்கே இப்போதைக்குத் தேர்வே அல்ல.

ஒதுக்கீடு உள்ள நாட்டில், துறை ஏற்கெனவே மீனை நீட்டிவிட்டது, கையெழுத்துக்கு ஒப்பந்தம் வந்துவிட்டது என்றால், சங்கத்தின் சார்பில் கேட்டு வாங்க வேண்டியவை இவை. அளவு மொத்த அனுமதிக்கு உள்ளிருந்தே வர வேண்டும். பிடிக்கும் வாய்ப்பு ஏலத்தில் போக வேண்டும். விற்ற விலை, பிடித்த செலவு, ஆய்வுக்குச் சேர்ந்த தொகை மூன்றும் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். ஒதுக்கீட்டு மீன் எந்தப் படகில், எந்தப் பயணத்தில் என்பது புறப்படும் முன்பே பதிவாக வேண்டும். கணக்கெடுப்பு நடத்துபவர் அனுமதி அளவைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் வாக்களிக்கக் கூடாது. தொகை டாலரில் எழுதப்பட வேண்டும், டன்னில் அல்ல: விலை ஏறி மிஞ்சினால் மிச்சம் அடுத்த ஆண்டுக்கு இருப்பாகட்டும், விலை விழுந்து 71 டன் 454 டன் ஆகும் ஆண்டில், எந்த டன்னுக்கு மேல் ஒதுக்கீடு நிற்கும், அந்தப் பணம் எட்டாத கணக்கெடுப்பு இடங்களை அளக்கும் செலவைக் கருவூலம் எந்தக் கணக்கிலிருந்து தரும் என்பது கையெழுத்திடும் முன்பே அந்தத் தாளில் இருக்கட்டும்.